கடைக் கணினியைக் காப்பது யார்?

சபாக் பெர்ணத்திலிருந்து சுங்கை பெசார், சிகிஞ்சான், தஞ்சோங் காராங் வழியாகக் கோலசிலாங்கூர் வரை வரும் சாலையின் இருபுறமும் எத்தனை கடைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மளிகைக் கடை, இரும்புச் சாமான் கடை, மருந்தகம், கிளினிக், உரக்கடை, கார் பட்டறை, அரிசி ஆலை, கணக்காளர் அலுவலகம். இவற்றில் பெரும்பாலானவை ஐந்து பேர், பத்துப் பேர், மிஞ்சினால் முப்பது பேர் வேலை செய்யும் சிறு தொழில்கள். ஒரு காலத்தில் இவற்றின் கணக்கு முழுவதும் தடித்த அட்டைப் புத்தகங்களில் இருந்தது. இன்று அது கணினிகளில் இருக்கிறது.

புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம். கணினியில் உள்ள கணக்கைக் காப்பது யார்? அந்த வேலைக்கு ஒருவரைப் பழக்குவது எப்படி? அந்தப் பயிற்சி நம் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு எட்டுமா? இந்த மூன்று கேள்விகளை இன்று பார்ப்போம். எஸ்.பி.எம். எழுதி முடித்த பிள்ளை உள்ள வீட்டார் சற்றுக் கூடுதல் கவனத்துடன் கேட்க வேண்டுகிறேன்.

முதலில், சர்வர் என்றால் என்ன? தோட்ட ஆபீசில் செக்ரோல் என்றொரு பேரேடு உண்டு. யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் பேர் விழுந்தது என்பதெல்லாம் அதில் பதிவாகும். மண்டோர்கள் தங்களுக்கென்று சிறு புத்தகம் வைத்திருக்கலாம். ஆனால் சம்பளம் போடும்போது கிராணி பார்ப்பது செக்ரோலைத்தான். எல்லாருக்கும் பொதுவான, எல்லாரும் நம்புகின்ற ஒரே பதிவு அது. கடையில் அந்த இடத்தில் இருப்பது சர்வர். கல்லாவில் உள்ள கணினி, சரக்கறைக் கணினி, முதலாளி அறையில் உள்ள கணினி ஆகிய மூன்றும் தமக்கு வேண்டிய விவரத்தைச் சர்வரிடம் கேட்டு வாங்குகின்றன. புதிய விவரத்தை அதனிடமே ஒப்படைக்கின்றன. பார்வைக்கு அதுவும் ஒரு கணினிதான். ஆனால் மற்றவை ஒருவருக்காக வேலை செய்கின்றன. சர்வர் எல்லாருக்காகவும் இரவு பகலாக இயங்குகிறது.

இந்தக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பின்னலுக்கு நெட்வொர்க் என்று பெயர். நம் வட்டார மக்களுக்கு இதை விளக்குவது எளிது. பெர்ணம் ஆற்றில் தலைமதகு அமைத்துத் தண்ணீரைத் திருப்பி, தெங்கி ஆற்றின் வழியாகப் பெரிய வாய்க்காலில் விட்டு, அங்கிருந்து கிளை வாய்க்கால்களில் பிரித்து வயல்களுக்குப் பாய்ச்சுகிறார்கள் அல்லவா? கடைக்குள் ஓடும் கேபிள்களை வாய்க்கால்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் என்னும் சிறு பெட்டி, தகவலை உரிய கணினிக்குப் பிரித்து அனுப்பும் கிளை மதகு. ரவுட்டர் என்பது கடையையும் வெளியே உள்ள இணையத்தையும் இணைக்கும் தலைமதகு. வேண்டாதது உள்ளே வராமல் தடுக்கும் காவலுக்கு ஃபயர்வால் என்று பெயர்.

வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் அனுபவப்பட்ட விவசாயி என்ன செய்வார்? வயலை வெட்டிப் பார்க்க மாட்டார். பக்கத்து வயலுக்கு வருகிறதா என்று பார்ப்பார். பிறகு கிளை வாய்க்கால், அப்புறம் மதகு என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டே போவார். நெட்வொர்க்கில் பழுது தேடும் முறையும் இதுவே.

சரி, சர்வர் ஒரு நாள் நின்றுபோனால் என்ன ஆகும்? பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். மாதக் கடைசி. யார் எத்தனை மணி நேரம் மேல்நேர வேலை செய்தார் என்ற கணக்கு சர்வரில் இருக்கிறது. அது திறக்கவில்லை. சம்பளம் தாமதமாகிறது. ஊழியர் சேமநிதிப் பணத்தையும் சொக்சோ சந்தாவையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முதலாளி கட்டியாக வேண்டும். எவ்வளவு கட்டுவது? கடனுக்குப் பொருள் வாங்கிச் சென்றவர்களின் பட்டியலும் அதற்குள்தான் இருக்கிறது. அவர்கள் எல்லாரும் தாமாக வந்து கடனை ஒப்புக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா? ஆகவே சர்வர் நின்றால் முதலாளிக்கு மட்டும் நட்டமில்லை. அங்கே வேலை செய்கின்ற நம் பிள்ளைகளின் சம்பளமும் சேமநிதியும் அதோடு சேர்ந்து சிக்கிக்கொள்கின்றன.

சிறு கடைகள் விரும்பியோ விரும்பாமலோ கணினிக்கு வந்துவிட்டன. 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வரி வந்தபோது பல வணிகர்கள் கணக்கு மென்பொருள் வாங்க வேண்டியதாயிற்று. 2018-இல் அந்த வரி போய் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன. வரி மாறியதே தவிர, கணினி திரும்பிப் போகவில்லை. 2024 ஆகஸ்டு 1-ஆம் தேதி இ-இன்வோய்ஸ் எனப்படும் மின்விலைப்பட்டியல் முறை, ஆண்டுக்குப் பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்களில் தொடங்கியது. பிறகு படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் விரிவடைந்தது. இப்படிப்பட்ட கடைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு பொறியாளரை வைத்துக்கொள்ள முடியாது. ஐந்தாறு கடைகளைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்ற ஒருவர் போதும். அத்தகையவர்களுக்குத்தான் தேவை இருக்கிறது.

அவர் செய்ய வேண்டிய வேலைகளை ஐந்தாகப் பிரிக்கலாம்.

முதலாவது, யார் எதைப் பார்க்கலாம் என்பதை வரையறுப்பது. கல்லாவில் நிற்பவர் பொருளின் விலையைப் பார்க்கலாம். சம்பளப் பட்டியலைத் திறக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் இருக்க வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றே அவருடைய வழியை அடைத்துவிட வேண்டும். வீடு காலி செய்தவரிடமிருந்து சாவியை வாங்குவது போன்றது இது.

இரண்டாவது, மென்பொருளில் உள்ள ஓட்டைகளை அடைப்பது. மென்பொருள் தயாரிப்பவர்கள் ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும்போதெல்லாம் அவற்றை அடைக்கும் திருத்தங்களை அனுப்புகிறார்கள். அவற்றை உரிய காலத்தில் போட வேண்டும். போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே கண்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2017 மே 12-ஆம் தேதி 'வான்னாகிரை' என்னும் தீய நிரல் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று மிரட்டியது. ஏறக்குறைய 150 நாடுகளில் இலட்சக்கணக்கான கணினிகள் முடங்கின. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அந்த ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. போடுவதற்கு ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் இருந்தது. மருந்து அலமாரியில் இருந்தது. கொடுக்க ஆள் இல்லை.

பழைய மென்பொருளுக்கு ஒரு கட்டத்தில் திருத்தங்கள் வருவதே நின்றுவிடும். விண்டோஸ் சர்வர் 2012 பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு முடிந்தது. இன்னமும் நன்றாக ஓடுகிறதே என்று அதை அப்படியே வைத்திருப்பது, பிரேக் தேய்ந்த லாரியை இன்னமும் ஓடுகிறதே என்று ஓட்டுவதற்குச் சமம்.

மூன்றாவது, காப்புப் பிரதி எடுப்பது. பேக்கப் என்று நாம் கேள்விப்படுவது இதைத்தான். இதற்கு மூன்று, இரண்டு, ஒன்று என்று ஓர் எளிய விதி உண்டு. பீட்டர் குரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இதனைப் பரவலாக்கினார். கணக்குக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று கடைக்கு வெளியே, வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். வெளியே எதற்கு என்று கேட்கலாம். 2021 டிசம்பரில் நம் சிலாங்கூர் மாநிலத்தில் பெருவெள்ளம் வந்தது. ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் வீடுகளின் கூரையைத் தொட்டதை நாம் மறக்கவில்லை. சர்வரும் அதன் பிரதியும் ஒரே மேசையின்மேல் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் போய்விடும். பிரதி எடுத்தும் எடுக்காததுபோல் ஆகிவிடும்.

நான்காவது, அன்றாடம் கண்காணிப்பது. வட்டில் இடம் மீதம் இருக்கிறதா, இயந்திரம் சூடேறுகிறதா, நேற்றிரவு பிரதி எடுக்கப்பட்டதா, யாரேனும் தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இடி மின்னல் மிகுந்த நாடு நம்முடையது. மாலையில் மழை கட்டிக்கொண்டு வந்தால் மின்சாரம் போய்ப் போய் வரும். அப்போது சர்வர் சட்டென்று அணைந்து கணக்கு கெடாமல் இருக்க, யு.பி.எஸ். என்னும் மின்கலப் பெட்டி வேண்டும். அதிலுள்ள மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். அதையும் சோதித்து மாற்ற வேண்டும்.

ஐந்தாவது, எழுதி வைப்பது. எந்தக் கேபிள் எங்கே போகிறது, எந்தக் கணினிக்கு என்ன எண், எந்தத் தேதியில் எது மாற்றப்பட்டது என்பதெல்லாம் ஒரு குறிப்பேட்டில் இருக்க வேண்டும். பார்த்துக்கொள்பவர் நோயில் படுத்துவிட்டாலும், அந்தக் குறிப்பேட்டைக் கொண்டு இன்னொருவர் வேலையைத் தொடர முடிய வேண்டும்.

இந்த ஐந்தையும் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்துவிட்டால் ஒருவர் தேர்ந்தவர் ஆகிவிடுவாரா? ஆகமாட்டார். ஏன் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

கிட்லேப் என்று ஒரு நிறுவனம். உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் தாங்கள் எழுதும் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவையை நடத்துகிறது. 2017 ஜனவரி 31-ஆம் தேதி இரவு, களைத்துப்போயிருந்த ஒரு பணியாளர், ஒரு பழுதைச் சரிசெய்யும்போது, ஒரு சர்வரில் அழிக்க வேண்டியதை வேறொரு சர்வரில் அழித்துவிட்டார். சில விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. போனால் என்ன, காப்புப் பிரதி இருக்கிறதே என்று தேடினார்கள். கணக்கைக் காக்க அங்கே ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றும் அந்த நேரத்தில் நம்பத்தக்கதாக இல்லை. ஒரு வழியில் பிரதி எடுக்கும் நிரல் நாள்தோறும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதை அறிவிக்கும் மின்னஞ்சலும் உரியவருக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே எல்லாம் நன்றாக நடப்பதாகவே அனைவரும் நம்பிக்கொண்டிருந்தனர். நல்லவேளையாக, வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்ட ஒரு பிரதி இருந்தது. அதைக் கொண்டு மீண்டார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போனவை போனவைதான். அந்த நிறுவனம் நடந்தது எதையும் மறைக்காமல் விவரமாக எழுதி வெளியிட்டது. இன்று பல நாடுகளில் அதைப் பயிற்சிப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அங்கே இருந்தவர்கள் தெரியாதவர்கள் அல்லர், மிகத் தேர்ந்தவர்கள். ஐந்து வழியும் ஏட்டில் சரியாகவே இருந்தன. ஆனால் ஒரு நாளாவது, பிரதியிலிருந்து கணக்கை மீட்டுப் பார்ப்போம் என்று ஒழுங்காக ஒத்திகை நடக்கவில்லை. ஆகவே பயிற்சியின் சாரம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: பிரதி எடுக்கத் தெரிந்தவர் பாதி கற்றவர்; அழிந்துபோன கணக்கை அந்தப் பிரதியிலிருந்து தன் கையால் மீட்டுக் காட்டியவரே முழுதும் கற்றவர்.

இதை எப்படிக் கற்பிப்பது? பால்வெட்டக் கற்கும் புதியவரிடம் நல்ல இளமரத்தை யாரும் முதல் நாளே ஒப்படைப்பதில்லை. உளி ஆழமாக இறங்கிப் பட்டை காயப்பட்டால் மரம் கெடும். கழிக்கப்போகும் பழைய மரத்தில் கை பழக வேண்டும். கணினியிலும் அத்தகைய பழைய மரம் ஒன்று உண்டு. மெய்நிகர்க் கணினி என்று அதற்குப் பெயர். ஒரே கணினிக்குள் மென்பொருளின் துணையால் நான்கைந்து கற்பனைக் கணினிகளை உருவாக்கலாம். அவற்றில் ஒன்றைச் சர்வராகவும் மற்றவற்றைக் கடைக் கணினிகளாகவும் அமைத்து, ஒரு முழுக் கடையின் நெட்வொர்க்கையே ஒரு மேசையில் நடத்திப் பார்க்கலாம். கெட்டுப்போனால் யாருக்கும் நட்டமில்லை. இதற்கு வேண்டிய மென்பொருள்களில் பல இலவசம். லினக்ஸ் வகை சர்வர்களில் பலவற்றுக்கு விலையே இல்லை. விண்டோஸ் சர்வரையும் 180 நாள் பழகிப் பார்க்க அந்த நிறுவனமே அனுமதிக்கிறது.

பயிற்சியின் படிகளை இப்படி அமைத்துக்கொள்ளலாம். முதல் படியில் கைவேலை. நெட்வொர்க் கேபிளை உரித்தால் உள்ளே எட்டுச் சிறு கம்பிகள் இருக்கும். அவற்றை நிற வரிசைப்படி அடுக்கி முனையில் பிளக் பொருத்தப் பழக வேண்டும். பழைய கணினியைத் திறந்து வட்டைக் கழற்றி மாட்டப் பழக வேண்டும். இரண்டாம் படியில் எண் முகவரிகள். ஒரே லயத்தில் இரண்டு வீடுகளுக்கு ஒரே எண் இருந்தால் கடிதம் யாருக்குப் போகும்? நெட்வொர்க்கில் இரண்டு கணினிகளுக்கு ஒரே எண் கொடுத்தாலும் அதே குழப்பம்தான். மூன்றாம் படியில் சர்வரை நிறுவி, பயனர்களைச் சேர்த்து, யாருக்கு எது என்று பங்கிட்டு, இரவுதோறும் பிரதி எடுக்க ஏற்பாடு செய்தல்.

நான்காம் படிதான் முக்கியம். பயிற்றுநர் வேண்டுமென்றே கெடுக்க வேண்டும். மாணவர் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு கேபிளைத் தளர்த்தி வைக்க வேண்டும். ஓர் எண்ணை மாற்றி வைக்க வேண்டும். கணக்குக் கோப்பை அழித்துவிட வேண்டும். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, சரிசெய் என்று சொல்ல வேண்டும். மாணவர் பதறாமல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை எழுதிக்கொண்டு, மதகிலிருந்து வயல்வரை பார்ப்பதுபோல் பார்த்து வர வேண்டும். பத்து முறை இப்படிக் கெட்டுச் சரியான பிறகு அவருக்கு ஒரு நிதானம் வரும். அந்த நிதானத்தைப் புத்தகம் தராது.

ஐந்தாம் படியில் உண்மையான கடை. முதலில் மூத்தவர் செய்வதைப் பார்க்க வேண்டும். பிறகு மூத்தவர் பக்கத்தில் நிற்கத் தான் செய்ய வேண்டும். அதன் பிறகே தனியாகப் போக வேண்டும். இங்கே இன்னொரு பாடமும் உண்டு. கடையின் இரகசியம் அனைத்தும் அவர் கையில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு சம்பளம், யாருக்கு எவ்வளவு கடன் என்பது அவர் கண்ணில் படும். பார்த்ததை வெளியே பேசாத நாணயம் வேண்டும். தவறு நேர்ந்தால் உடனே முதலாளியிடம் சொல்லும் துணிவும் வேண்டும். மறைத்த தவறு மறுநாள் இரண்டாகும்.

இந்தப் பயிற்சி எங்கே கிடைக்கிறது? நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை, சிஜில் கெமாஹிரான் மலேசியா என்னும் சான்றிதழை வழங்குகிறது. எஸ்.கே.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மூன்று நிலைகள் சான்றிதழ். நான்காம் நிலை டிப்ளோமா. ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. கணினி அமைப்பு, நெட்வொர்க் ஆகிய துறைகளிலும் இது உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை 'ஏ' என்பதைக் காட்டிலும் ஆர்வமும் மலாய் மொழியை எழுதப் படிக்கத் தெரிவதும் இங்கே முக்கியம்.

இதில் ஒரு வழி நம் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமானது என்று நான் கருதுகிறேன். 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறை அது. மலாயில் எஸ்.எல்.டி.என். என்பார்கள். ஜெர்மனி நாட்டின் முறையைப் பார்த்து அமைத்தது. பயிற்சிக் காலத்தில் நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பங்கு வேலையிடத்தில், மீதி வகுப்பில். இப்போது நான் சொன்ன நான்காம் படியும் ஐந்தாம் படியும் இதில் இயல்பாகவே அமைந்துவிடுகின்றன. ஏற்கெனவே கணினிக் கடையில் பல ஆண்டுகள் வேலை செய்து கையனுபவம் பெற்றவர்களுக்கும் அந்த அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் வழங்க ஒரு வழி உண்டு. இவை தவிர, நம் பக்கத்தில் சபாக் பெர்ணத்தில் சமூகக் கல்லூரி இருக்கிறது. பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்தந்த ஆண்டு எந்தப் பாடம் நடக்கிறது என்று நேரில் போய் விசாரியுங்கள். சிஸ்கோ என்னும் நிறுவனம் 1997 முதல் நடத்திவரும் நெட்வொர்க் பாடத்திட்டம் பல நாடுகளின் கல்லூரிகளில் சொல்லித் தரப்படுகிறது. அதன் தொடக்கப் பாடங்கள் சிலவற்றை வீட்டிலிருந்தே இணையம் வழி இலவசமாகப் படிக்கலாம்.

பட்டம் இல்லாத பிள்ளை இத்தகைய வேலைக்கு வரமுடியுமா என்று சில பெற்றோர் ஐயப்படலாம். அவர்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு செய்தி. ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996-இல் தொடங்கிய நிறுவனம், முதலில் நெட்வொர்க்குகளை நிர்வகிக்கும் மென்பொருள்களைச் செய்தது. இன்று ஸோஹோ என்று அழைக்கப்படுகிறது. 2005-ஆம் ஆண்டில் அவர்கள் சொந்தமாக ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பழக்கினார்கள். பயிற்சி பெற்றவர்கள் அதே நிறுவனத்தில் பட்டதாரிகளோடு ஒன்றாக வேலை செய்கிறார்கள். 2011-இல் தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலேயே அலுவலகம் திறந்தார்கள். சென்னைக்குப் போனால்தான் கணினி வேலை என்ற எண்ணம் அங்கே மாறியது. கோலாலம்பூருக்குப் போனால்தான் கணினி வேலை என்ற எண்ணம் இங்கேயும் மாறலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது தோள்வலிமை கேட்கும் வேலையன்று. பொறுமையும் ஒழுங்காக எழுதி வைக்கும் பழக்கமும் கேட்கிறது. வகுப்பறையில் அந்தப் பழக்கம் உள்ள மாணவிகளை நாங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அவர்களுக்கு இந்தக் கதவைக் காட்டத் தயங்க வேண்டாம்.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். தனியார் கல்லூரிகள் சிலவற்றின் முகவர்கள் வீடு தேடி வருவார்கள். கணினி கொடுக்கிறோம், வேலை உறுதி என்று சொல்லிக் கடன் பாரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். திறன் பயிற்சிக்கு பி.டி.பி.கே. என்னும் அரசு நிதிக் கழகம் கடனுதவி தருவது உண்மை. ஆனால் கடன் கடன்தான். திருப்பிக் கட்ட வேண்டும். ஆகவே கையெழுத்துப் போடுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தப் பாடத்தை இந்த நிலையில் நடத்தத் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா? அதன் கடிதத்தைக் காட்ட முடியுமா? பயிற்சிக்கூடத்தில் மாணவர் கையால் தொட்டுப் பழகச் சர்வரும் ஸ்விட்ச்சும் கேபிளும் இருக்கின்றனவா? சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? இந்த நான்குக்கும் நேரான பதில் வராவிட்டால் பேனாவைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு கேள்வியும் எழும். இப்போது எல்லாம் இணையத்தில் வைக்கிறார்களாமே, கடையில் சர்வரே இல்லாமல் போய்விடாதா? போகலாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1997-இல் சிறு வணிகங்களுக்கென்றே ஒரு தனி சர்வர் மென்பொருள் கொண்டுவந்தது. 2011-ஆம் ஆண்டுப் பதிப்போடு அந்தப் பெயரில் வருவது நின்றது. மின்னஞ்சலும் கோப்புகளும் பெருநிறுவனங்களின் கணினிக் கூடங்களுக்கு நகரத் தொடங்கின. ஆயினும் கடைக்குள் கேபிளும் ரவுட்டரும் இருக்கின்றன. யார் எதைப் பார்க்கலாம் என்ற கேள்வி இருக்கிறது. கடவுச்சொல் திருடப்படும் ஆபத்து முன்னைவிடக் கூடுதலாக இருக்கிறது. கணக்கின் பிரதி நம் கையில் உண்டா என்று கேட்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. கருவி மாறும், காவல் மாறாது. ஆகவே ஒரு கருவியை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு வேலை போகும். கெட்டதைக் கண்டுபிடித்து மீட்கும் முறையைக் கற்றவர் புதிய கருவியையும் கற்றுக்கொள்வார்.

தொழில் மாறுவது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான் உருவானது. தென்னமரம் என்ற தமிழ்ப் பெயரே அந்தத் தோட்டத்தின் பெயர். பால்மரம் மட்டுமே தெரிந்திருந்த கைகள் பிற்காலத்தில் தோட்டம் தோட்டமாகச் செம்பனையைக் கற்றுக்கொண்டன. புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. செய்து பார்த்துக் கற்றார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அப்படியே கற்கலாம்.

இந்த வாரம் ஒரு சிறு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள கைப்பேசியில் பிள்ளையின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, குடும்பப் படங்கள் ஆகியவை இருக்கும். அவற்றை வேறோர் இடத்தில் பிரதி எடுக்கச் சொல்லி உங்கள் மகனிடமோ மகளிடமோ சொல்லுங்கள். எடுத்தாயிற்று என்று வந்து சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். அந்தப் பிரதியிலிருந்து ஒரு படத்தைத் திறந்து காட்டு என்று கேளுங்கள். திறந்து காட்டினால், இந்தத் தொழிலின் முதல் பாடத்தை அந்தப் பிள்ளை முடித்துவிட்டது என்று பொருள்.